பித்தளைப் புல்லியும் சௌதாமினியின் தொண்டையும்

தன் வீட்டு டேப் ரெக்கார்டரைத் தானே பழுது பார்க்கும் பெண்ணை நம்பி ஒரு பாட்டுக் கச்சேரியை ஒப்படைக்கக் கூடாது. யாரையோ குறை சொல்வது போலத் தோன்றலாம். அந்தப் பெண் நான்தான்.

எண்பதுகளின் நடுவில், ஹைதராபாதில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஜூனியர் இன்ஜினியராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா. எங்கள் பிரிவில் ஒரே பெண். கைப்பையில் சீப்பும் பவுடரும் இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர், இன்சுலேஷன் டேப், குட்டி ஸ்க்ரூ டிரைவர், நுட்பமாக அளவெடுக்க ஒரு வெர்னியர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அளக்கத் தோன்றும். பெண் பார்க்க வந்த ஒருவரின் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை என்பதைக் கண்டுபிடித்து, அவர்கள் படி இறங்குவதற்குள் அப்பாவிடம் சொல்லியும் விட்டேன். (கண்ணால அளந்ததுதான். வெர்னியர வெளிய எடுக்கல.)

எங்கள் வீடு ஹப்சிகுடாவில். அப்பாவும் அம்மாவும் நாகர்கோவில்காரர்கள். அப்பா ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் கணக்குப் பிரிவு. அம்மா சின்ன வயதில் திருவனந்தபுரம் ரேடியோ கேட்டு வளர்ந்தவள். மலையாளத்தில் ஒரு வரி எழுதத் தெரியாது. மலையாள சினிமாப் பாட்டு ஒன்று விடாமல் தெரியும். அதிலும் பின்னணிப் பாடகி சௌதாமினி என்றால் உயிர். குழம்பு தாளிக்கும்போது சௌதாமினியின் சோகப் பாட்டு ரேடியோவில் வந்துவிட்டால் அன்றைக்குக் கடுகு கருகும்.

அண்ணன் மஸ்கட்டில் இருந்தான். அங்கிருந்து அவன் அனுப்பிய டேப் ரெக்கார்டர்தான் எங்கள் வீட்டின் பெருமை. அவன் கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் மெஷினைச் சுற்றி உட்கார்ந்து, "அம்மா, நான் நல்லா இருக்கேன்" என்று அது பேசுவதைக் கேட்போம்.

ஒருநாள் அந்த மெஷின் அழ ஆரம்பித்தது. பாட்டெல்லாம் இழுத்து இழுத்து, பல்வலி வந்தவர் பாடுவது போல. திறந்து பார்த்தேன். மோட்டார் தண்டில், பெல்ட் ஓடுகிற குட்டி பிளாஸ்டிக் சக்கரம் (நாங்கள் அதைப் புல்லி என்போம்) நெடுக்காக விரிசல் விட்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போய் ஒரு புல்லி வாங்கியிருப்பார்கள். பொதுத்துறையில் வேலை பார்ப்பவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். எங்களிடம் லேத் இருக்கிறது.

உடைந்த புல்லியை வெர்னியரில் அளந்தேன். மூன்று தடவை. வரைபடம் போட்டேன். டூல் ரூமில் தெரிந்தவரிடம் சொல்லி, பித்தளைத் துண்டு ஒன்றில் கடைந்து வாங்கினேன். தங்கக் காசு மாதிரி மின்னியது. எங்கள் இன்ஸ்பெக்ஷன் பிரிவுத் தோழியிடம் கொடுத்து அளக்கச் சொன்னேன். வரைபடத்தில் இருந்த அளவும் புல்லியின் அளவும் மயிரிழைகூட மாறவில்லை. அவள் விளையாட்டாக, "பாஸ்" என்று அச்சடித்த பச்சை ஸ்டிக்கர் ஒன்றையும் கொடுத்தாள். அதை டேப் ரெக்கார்டரின் முதுகில் ஒட்டினேன்.

கடைந்தவரும் சரி, அளந்தவளும் சரி, என்னுடைய வரைபடத்தை வைத்தே வேலை செய்தார்கள். விரிசல் விட்ட புல்லி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், அதன் சுற்றளவு அசலைவிடப் பெரிதாகத்தான் இருக்கும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. தப்பான அளவை நான் மிகத் துல்லியமாகச் செய்திருந்தேன். பெரிய புல்லி, வேகமான டேப். டேப் வேகமாக ஓடினால் பாட்டு வேகமாகும். கூடவே சுருதியும் ஏறும்.

அறிகுறிகள் இருந்தன. அவற்றை எல்லாம் நாங்கள் குடும்பமாக உட்கார்ந்து தவறாகப் புரிந்துகொண்டோம்.

அடுத்து வந்த கேசட்டில் அண்ணனின் குரல் கேட்டு அம்மா திகைத்துப்போனாள்.

"ஏட்டி, பிள்ளைக்க குரலப் பாரு. கீச்சு கீச்சுன்னு. சரியா திங்கதில்ல போலுக்கு."

"நல்லாத்தான்மா பேசறான்."

"நீ சும்மா கெட. மெலிஞ்ச குரல் எனக்குத் தெரியாதா?" என்றவள், மஸ்கட் போகிற எவரைக் கண்டாலும் ஒரு டின் முறுக்கும் ஒரு டின் அச்சுமுறுக்கும் கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள்.

அப்பாவுக்குச் சாயங்காலம் ராமாயண உபன்யாசக் கேசட் கேட்கும் பழக்கம். அவர் சந்தோஷமாக இருந்தார். "முன்னால எல்லாம் அனுமன் கடலத் தாண்டி முடிக்கதுக்குள்ள காப்பி ஆறிப்போவும். இப்பம் ஆவி அடங்கதுக்கு முன்ன இலங்கை வந்திருது. நம்ம பிள்ளை நல்லா ரிப்பேர் பாத்திருக்கா."

நான் அடக்கத்துடன் தலையைக் குனிந்துகொண்டேன். (அந்தத் தலையை இப்போது நினைத்தால் குட்டலாம் போல இருக்கிறது.)

இந்தச் சமயத்தில்தான் நாயர் சார் என் மேஜைக்கு வந்தார். எங்கள் பிரிவுத் தலைவர்; தொழிற்சாலை மலையாளிகள் சங்கத்தின் செயலாளரும் அவர்தான்.

"விமலே, ஓணத்துக்கு இந்த வருஷம் யாரு வராங்க தெரியுமோ? சௌதாமினி."

அவர் சொன்ன விதத்தில் மகாபலியே வருவது போல இருந்தது.

சௌதாமினி மேடையில் பாடி சில வருஷங்கள் ஆகியிருந்தன. சினிமாவிலும் புதுப் பாட்டு இல்லை. எப்படியோ சம்மதம் வாங்கிவிட்டார் நாயர் சார். பக்கவாத்தியத்துக்கு மெட்ராஸிலிருந்து ஆட்களை வரவழைக்கச் சங்கத்திடம் வசதி இல்லை. உள்ளூரிலேயே ஏற்பாடு. ஸ்டோர்ஸில் வேலை பார்த்த வர்கீஸ் ஹார்மோனியம். டெஸ்பாட்ச் பிரிவு யாதகிரி தபலா. இருவருக்கும் பாட்டுகள் பாடமாக வேண்டும்; நல்ல டேப் ரெக்கார்டர் வேண்டும்.

"எங்க வீட்டுல இருக்கு சார். பித்தளைப் புல்லி" என்றேன்.

ஒத்திகை எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது. அம்மா காபியும் கேசட்டுகளும் சப்ளை. வர்கீஸின் ஹார்மோனியம் ஒரு பழைய சர்ச்சிலிருந்து வாங்கியது. அது எந்தச் சுருதிக்குச் செய்யப்பட்டது என்பது அதைச் செய்தவருக்கே வெளிச்சம். வர்கீஸும் கேள்வி ஞானத்தில் வாசிப்பவர். எத்தனை கட்டை என்றெல்லாம் கேட்டால் சிரிப்பார். டேப்பில் வருகிற சுருதியைத் தேடிப் பிடித்து, அந்தக் கட்டைகளின் மேல் சாக்பீஸால் குறி போட்டுக்கொள்வார். அந்தக் குறிகளை விட்டு அவர் விரல் அசையாது.

யாதகிரிக்குத்தான் சந்தேகம். சௌதாமினியின் பெயர் பெற்ற பாட்டு ஒன்று உண்டு. காயலில் படகு போகிறது, கரையில் ஒருத்தி காத்திருக்கிறாள், அந்த மாதிரி. தபலாவைத் தட்டித் தட்டி வியர்த்துப்போய், "கைக்கு மேடம் இத்தா தேஜ்? யே போட் ஹை யா பஸ் ஹை?" என்றார். ஏன் இவ்வளவு வேகம், இது படகா, பஸ்ஸா என்கிறார்.

"ஒரிஜினலே அப்படித்தான்" என்றேன்.

"ஹவ் மேடம்" என்று தலையாட்டிவிட்டு அவர் பஸ்ஸை ஓட்டினார்.

அந்த மாதத்தில் எனக்கு இருந்த பட்டியல்கள் பல: மைக், வயர், உபரி வயர், உபரி வயர் அறுந்தால் அதற்கு ஒன்று. பாடகிக்கு வெந்நீர் ஃபிளாஸ்க். மின்சாரம் போனால் பேட்டரி. ஒவ்வொன்றுக்கும் நேரே டிக் அடித்திருந்தேன். டேப் ரெக்கார்டர் என்று ஒரு வரிகூட இல்லை. அதற்குத்தான் பச்சை ஸ்டிக்கர் இருக்கிறதே.

விழாவன்று சௌதாமினியை அழைத்துவர பேகம்பேட்டுக்கு என்னை அனுப்பினார்கள். சங்கத்துப் பெண்கள் எல்லாரும் திருவாதிரைக்களி நடனத்துக்காகத் தலையில் பூவுடன் வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். நான்தான் மிச்சம். விமானம் தாமதம். ஒத்திகைக்கு ஒதுக்கியிருந்த நேரம் முழுவதையும் அந்த விமானம் எங்கேயோ வானத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தது.

சௌதாமினி ஐம்பதை ஒட்டிய, உயரமான பெண்மணி. கசவுச் சேலை, கழுத்தைச் சுற்றி ஒரு மஃப்ளர். ஹைதராபாத் வெயிலில் மஃப்ளர். காரில் ஏறியதும் மெதுவான குரலில் தமிழிலேயே பேசினார். பல வருஷமாக மெட்ராஸ்வாசி.

"சுருதி எல்லாம் சொல்லிட்டியா மோளே?"

"கேசட்ல எப்படி இருக்கோ அதே மேடம். ஒண்ணொண்ணா நானே சரிபார்த்தேன்."

"நல்லது. ரெக்கார்டுல பாடின சுருதியில இன்னிக்குப் பாடிப் பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

தார்நாகா வருவதற்குள் அவருடைய கதை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒற்றப்பாலம் பக்கம் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். மெட்ராஸுக்கு வந்து முதலில் கோரஸ். பத்துப் பேருக்கு நடுவில் ஒரு "ஓ". அப்புறம் டிராக் பாடகி. பெரிய பாடகிகள் வந்து பாடுவதற்கு முன்னால் மாதிரிக்குப் பாடிக் கொடுக்கிற வேலை அது. பெரிய பாடகி வந்து பாடியதும் மாதிரியை அழித்துவிடுவார்கள்.

"நான் பாடி அழிச்ச பாட்டைச் சேர்த்தா ஒரு ரேடியோ ஸ்டேஷனே நடத்தலாம்" என்று சிரித்தார். ஒருநாள் ஒரு பெரிய பாடகிக்கு ஜலதோஷம். படம் வெளியாக வேண்டிய அவசரம். மாதிரியையே வைத்துக்கொண்டார்கள். அதுதான் அந்தப் படகுப் பாட்டு. அதன் பிறகு ஏறுமுகம்தான்.

பிறகு தொண்டையில் சின்ன முடிச்சு. ஆபரேஷன். மாதக்கணக்கில் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"சிலேட்டுல எழுதித்தான் சண்டை போட்டேன். நான் எழுதி முடிக்கறதுக்குள்ள அவர் செருப்பப் போட்டுண்டு வெளிய போயிடுவார். கல்யாணம் ஆகி எங்க வீட்டுக்காரர் ஜெயிச்ச காலம் அது ஒண்ணுதான்."

நான் சிரித்தேன். அவர் மஃப்ளரைச் சரி செய்துகொண்டார்.

"அடுத்த வாரம் ஒரு மியூசிக் டைரக்டர் கூப்பிட்டிருக்கார். முடியும்னா வாங்கன்னார். முடியுமான்னு எனக்கே தெரியல. மெட்ராஸ்ல பாடிப் பார்த்து, பாட்டு உடைஞ்சா, சாயங்காலத்துக்குள்ள எல்லா ஸ்டூடியோவுக்கும் தெரிஞ்சுடும். அதான் இவ்ளோ தூரம். இன்னிக்குப் பாட்டு நின்னா போவேன். இல்லேன்னா, வேண்டாம்னு சொல்லிட்டுப் பேசாம இருந்துடுவேன்."

"நிக்கும் மேடம். எல்லா ஏற்பாடும் பக்கா" என்றேன் நான். அந்த வாயை என்ன செய்யலாம்.

விழா, குடியிருப்புக்குள் இருந்த பள்ளிக்கூட மைதானத்தில். மதிய ஓண விருந்தின் பாயசத்தோடு ஊரே அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தது. சௌதாமினி மேடை ஏறியதும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் அம்மா, பட்டுச் சேலையில், கைகூப்பிக்கொண்டு.

முதல் பாட்டு தாலாட்டு. வர்கீஸ் தன் சாக்பீஸ் குறிகளில் ஆரம்பித்தார். சௌதாமினி ஒரு விநாடி தயங்கி, எச்சில் விழுங்கிவிட்டுப் பாடினார். நெற்றியில் வியர்வை. தாலாட்டின் வேகத்துக்குத் தொட்டிலில் ஒரு குழந்தை இருந்திருந்தால் தூக்கி எறியப்பட்டிருக்கும். ஆனால் பாடி முடித்துவிட்டார். நான் பட்டியலில் டிக் அடித்தேன்.

இரண்டாவது, படகுப் பாட்டு. பல்லவி போயிற்று. சரணத்தில் உச்சியில் ஒரு வரி உண்டு. காத்திருப்பவள் படகை அழைக்கிற இடம். குரல் ஏறியது, ஏறியது, கடைசிப் படியில் கிழிந்தது. பழைய வேட்டி கிழிகிற சத்தம். மைதானம் விழித்துக்கொண்டது. அவர் ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் குடித்தார். மறுபடி அதே வரி. மறுபடி அதே படியில் கிழிந்தது. கூட்டத்தைக் கும்பிட்டார், மைக்கை ஸ்டாண்டில் மெதுவாக வைத்தார், இறங்கி உள்ளே போய்விட்டார்.

நாயர் சார் எதையாவது போடும்படி மைக் செட்காரருக்குக் கை காட்டினார். மைக் செட்காரர் விழாவுக்காகவே வாங்கி வைத்திருந்த இசைத்தட்டைப் போட்டார். அதே படகுப் பாட்டு. இளம் சௌதாமினி, ஒரு கஷ்டமும் இல்லாமல், ஒலிபெருக்கியில். இதைவிடக் கொடுமையாக ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது.

நான் மேடைப் பக்கம் ஓடும்போது அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, ரெக்கார்டு மந்தமா ஓடுது கேட்டியா? நம்ம வீட்டுல இப்படியா பாடுவாங்க? தூங்கி வழியுது."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பாட்டு நிதானமாக, கனமாக, ஒரு படி கீழே ஓடிக்கொண்டிருந்தது. அப்பாடா, திட்டுவதற்கு ஒருவர் கிடைத்தார். மைக் செட் மேஜைக்குப் போனேன்.

"உங்க மெஷின் ஸ்லோ" என்றேன்.

அவர் நேந்திரங்காய் வறுவல் தின்றுகொண்டிருந்தார். "நக்கோ மேடம். நயா மெஷின்." இல்லவே இல்லை, புது மெஷின் என்கிறார்.

"இது நாற்பத்தஞ்சு சுற்று ரெக்கார்டு. நிமிஷத்துக்கு நாற்பதுகூட வராது. நான் நிரூபிக்கறேன். நீங்க என் வாட்சைப் பிடிங்க."

அவர் ஒரு கையில் வறுவலும் ஒரு கையில் என் வாட்சுமாக நின்றார். தட்டின் நடுவில் இருந்த லேபிளில் ஒரு கிழிசல். அதை அடையாளம் வைத்துக்கொண்டு எண்ணினேன். நிமிஷம் முடிந்தது என்று அவர் சொன்னபோது என் எண்ணிக்கை நாற்பத்தைந்து. வாட்ச் சரியில்லை என்று நினைத்து அவருடைய வாட்சில் இன்னொரு தரம். நாற்பத்தைந்து.

அவர் வறுவல் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. தட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த மெஷின் சரி என்றால், வேகமாக ஓடுவது எது? யாதகிரியின் பஸ். காபி ஆறுமுன் வருகிற இலங்கை. கீச்சு கீச்சென்று பேசும் அண்ணன். அந்த முறுக்கு டின்கள் எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் மஸ்கட்டுக்குப் பறந்து போயின. கடைசியாக வாயைப் பிளந்துகொண்டு ஒரு பிளாஸ்டிக் புல்லி.

வர்கீஸைக் கையைப் பிடித்து இழுத்தேன். "ஹார்மோனியத்தைத் தூக்கிட்டு வாங்க."

"எங்கோட்டு மேடம்?"

"கேக்காதீங்க."

மேடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறைதான் ஓய்வறை. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளின் குட்டி பெஞ்சில் சௌதாமினி முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாயர் சார், யாரோ இறந்த வீட்டில் நிற்பவர் போல.

"போதும் நாயர். தெரிஞ்சு போச்சு. மெட்ராஸ் போய் அவர்கிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடறேன்" என்றார். மஃப்ளரைக் கழற்றி மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். இனி அந்தத் தொண்டையைப் பொத்திப் பாதுகாக்கத் தேவையில்லை என்பது போல.

"மேடம், குத்தம் உங்க தொண்டையில இல்ல" என்றேன். மூச்சு வாங்கியது. "புல்லியில."

"எந்தா?" என்றார் நாயர் சார்.

வாயால் சொன்னால் விளங்காது என்று தோன்றியது. கரும்பலகை இருந்தது. அ, ஆ என்று மலையாளத்தில் எழுதியிருந்த இடத்துக்குக் கீழே ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு புல்லி, புல்லியில் ஒரு விரிசல் எல்லாம் வரைந்தேன். அம்புக்குறிகள் போட்டேன். விட்டம் கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் சுருதி கூடும் என்று, வெளியே கூட்டம் சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஒரு முழுப் பாடமே நடத்தினேன். நாயர் சார் வாயைத் திறந்து மூடினார். சௌதாமினி கரும்பலகையைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர்கீஸ், வெளிய ஓடற பாட்டோட சுருதியைப் பிடிங்க" என்றேன்.

மைக் செட்காரர் அதே தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். வர்கீஸ் தரையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வருகிற பாட்டுக்குக் காதைக் கொடுத்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்தினார். அவருடைய சாக்பீஸ் குறியில் சேரவில்லை. பக்கத்துக் கறுப்பில் சேரவில்லை. அதற்கும் கீழே இருந்த வெள்ளையில் போய்ப் பாலும் சர்க்கரையும் மாதிரி ஒட்டிக்கொண்டது.

"என்டெ ஈசோயே" என்றார் வர்கீஸ் மெல்ல.

ஒரு முழுக் கட்டை. ஆபரேஷன் முடிந்து முதல்முறையாக மேடை ஏறிய ஒருவரை, இருபத்தைந்து வயதில் அவர் பாடியதைவிட ஒரு கட்டை மேலே தள்ளிவிட்டு, கீழே நின்று டிக் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திட்டட்டும் என்று காத்திருந்தேன். சௌதாமினி தன் தொண்டையை விரலால் தொட்டுப் பார்த்தார். திருடன் வந்து போன வீட்டில் நகைப்பெட்டியைத் திறந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

"அப்போ தாலாட்டை முழுசா ஒரு கட்டை மேல பாடினேனா?"

"ஆமா மேடம்."

"படகும்? பல்லவி, அனுபல்லவி எல்லாம்?"

"ஆமா மேடம். ரொம்ப வேகமா வேற."

"கடைசி ஒரே ஒரு ஸ்வரம்தான் கிழிஞ்சுது, இல்லையா?"

அப்போதுதான் எனக்கும் அது உறைத்தது. வாயில் தானாகவே தொழிற்சாலைப் பாஷை வந்தது. "நாங்க எந்த மெஷினையும் வெளிய அனுப்பறதுக்கு முன்னால, அது தாங்க வேண்டியதுக்கும் மேல பாரம் ஏத்தித்தான் பாப்போம் மேடம். ஓவர்லோடு டெஸ்ட்."

"ரிசல்ட் எந்தா?"

"பாஸ்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அந்தக் குட்டி பெஞ்ச் கிறீச்சிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டிராக் பாடின காலத்துல எத்தனையோ பேரோட சுருதியில பாடியிருக்கேன் மோளே. ஆனா ஒரு டேப் ரெக்கார்டரோட சுருதியில பாட வெச்சவ நீ ஒருத்திதான்" என்றார்.

எழுந்து வாசலுக்குப் போனார். வர்கீஸ் வழிமறித்தார், முகத்தில் பயம். "அம்மே, இனி வேற கட்டையில வாசிக்க எனக்கு அறியில்லா."

"வாசிக்க வேண்டாம். இப்ப கண்டுபிடிச்சீங்களே, அந்த ஒரு கட்டையை மட்டும் அழுத்திண்டு துருத்தியப் போட்டுண்டே இருங்க. கடைசி வரைக்கும் விடாதீங்க."

ஒரு மாத ஒத்திகை, ஞாயிறுதோறும் அம்மாவின் காபி, சாக்பீஸ் குறிகள், எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு கட்டைக்குச் சுருங்கிப்போயின. வர்கீஸ் அதையும் கண்ணை மூடிக்கொண்டு, மிகுந்த உணர்ச்சியுடன்தான் செய்தார். யாதகிரி மேடையிலேயே சுத்தியலை எடுத்துத் தபலாவை டொக் டொக்கென்று தட்டிச் சுருதியை இறக்கினார். "அப் போட்" என்றார் என்னைப் பார்த்து. இனி படகு.

சௌதாமினி மைக்கின் முன்னால் நின்று, "ஒரு சின்னப் பரிசோதனை நடந்தது. மன்னிக்கணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. பாட ஆரம்பித்தார்.

ஹார்மோனியத்தின் ஒற்றை ஸ்வரம், மெதுவான தபலா, அந்தக் குரல். பாட்டு இவ்வளவு நிதானமானது என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒத்திகையில் நூறு தடவை கேட்டும், இதில் இவ்வளவு காத்திருத்தல் இருப்பது தெரியாது. சரணத்தின் உச்சி வந்தது. நான் கைப்பையில் இருந்த வெர்னியரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். குரல் ஏறியது, கடைசிப் படியில் கால் வைத்தது, அங்கேயே நின்று சுற்றிலும் பார்த்தது, தன் இஷ்டத்துக்கு இறங்கியது. நாயர் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டார்.

கைதட்டல் அடங்கிய பிறகு அம்மாவிடம் போனேன். கண்ணெல்லாம் ஈரம். "நல்லாப் பாடினாங்க என்னா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நம்ம வீட்டு மெஷின்ல பாடுத மாதிரி சுறுசுறுப்பு இல்ல" என்றாள்.

மறுநாள் காலை சௌதாமினி விமானம் ஏறுவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் இட்லி சாப்பிட்டார். பிறகு டேப் ரெக்கார்டரைத் திறக்கச் சொன்னார். பித்தளைப் புல்லியைக் கழற்றச் சொல்லி, கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேலைப்பாடு" என்றார். "இதை நான் எடுத்துக்கறேன். இனிமே பாட்டுல எங்கேயாவது குரல் போகலேன்னா, குத்தம் என்மேலதானான்னு கேக்க ஒரு ஞாபகம்." கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பச்சை ஸ்டிக்கரையும் உரித்துத் தரச் சொல்லி, தன் சூட்கேஸின் மேல் ஒட்டிக்கொண்டார். மெட்ராஸ் போனதும் அந்த ரெக்கார்டிங்குக்கும் போனார்.

நான் கடைக்குப் போய், எல்லாரையும் போல, ஒரு புல்லி வாங்கி மாட்டினேன். அப்பாவுக்கு மறுபடி காபி ஆற ஆரம்பித்தது. அடுத்த கேசட்டில் அண்ணன் கனத்த குரலில், "அம்மா, நான் நல்லா இருக்கேன்" என்றான். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, பிள்ளைக்கு மார்ச்சளி கெட்டிப் போச்சே" என்று சுக்கும் மிளகும் பொடித்து மஸ்கட்டுக்கு அனுப்பினாள். அவன் லீவில் வந்தபோது பேகம்பேட்டில் அவனை முதலில் எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை. அத்தனை முறுக்கும் அவன் உடம்பில் இருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டில் யார் கோபத்தில் கீச்சுக் குரலில் கத்தினாலும், "விமலா, இவங்க புல்லியக் கொஞ்சம் பாரு" என்பான்.

அவன் லீவில் இருந்தபோதே ஒரு சாயங்காலம் ரேடியோவில் புதுப் பாட்டு ஒன்று வந்தது. சௌதாமினி. நாங்கள் நாலு பேரும் காபி டம்ளர்களோடு அப்படியே நின்றுவிட்டோம். குரல் ஏறிக்கொண்டே போனது, எந்த இடத்திலும் கிழியாமல், இன்னும் மேலே இடம் இருக்கிறது என்று சொல்வது போல.

பாட்டு முடிந்தது. அம்மா சந்தேகத்தோடு என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. இந்த ரேடியோவ நீ தொறந்தியா?"

"தொறக்கல அம்மா" என்றேன். "அது அவங்க குரல்தான்."